எட்டாவது சதுரமும் என் இடது குதிகாலும்

1

இருபது வருஷத்துக்கும் மேலாக ஒரு நாட்டின் அறிவியலை என் இடது குதிகாலால் ஏமாற்றி வந்திருக்கிறேன். வேண்டுமென்று செய்ததில்லை. செய்திருக்கிறேன் என்பதே இந்த ஜூலையில்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் தெரிந்த பிறகும் பதினோரு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன் பாருங்கள், அது வேண்டுமென்றே செய்தது.

ஊரில் என்னை அறிந்தவர்கள், "கலியபெருமாள் சுவீடனில் விஞ்ஞானி" என்று சொல்லிக்கொள்வதாகக் கேள்வி. மறுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. நான் விஞ்ஞானி இல்லை. விஞ்ஞானிக்குப் பின்னால் நோட்டுப் புத்தகமும் பெட்டியும் தூக்கிக்கொண்டு நடப்பவன். முன்னால் நடப்பவர் இங்கெகெர்ட் என்கிற அம்மாள், தாவரவியலாளர், என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு நான் கல்லே. கலியபெருமாளை இவர்கள் வாயில் போட்டு இரண்டு நாள் மென்றார்கள், மிஞ்சியது அவ்வளவுதான்.

இந்த நாட்டில் ராஜா குடும்பத்தைத் தவிர எல்லோரும் எல்லோருக்கும் 'நீ'. மேலதிகாரியை, அதுவும் ஒரு பெண்மணியை, பேர் சொல்லி 'நீ' என்று கூப்பிட எனக்கு நாக்கு வரவில்லை. முதல் மூன்று வருஷம் எழுவாயே இல்லாமல் பேசிச் சமாளித்தேன். "காப்பி வேண்டுமா", "மழை வரும் போல" என்கிற அளவில். நான் அதிகம் பேசாத ஆழமான மனிதன் என்று அலுவலகத்தில் பேர் வந்தது அப்படித்தான்.

2

எங்கள் வேலை சதுப்பைப் பார்ப்பது. வடக்கே போகப்போக இங்கே காடும் சதுப்பும்தான். மேலே பாசி, அதன் கீழே செத்தும் மக்காத பாசி, அதற்கும் கீழே பல ஆயிரம் வருஷத்துப் பாசி. கால் வைத்தால் பத்தடி தள்ளி நிற்பவரும் சேர்ந்து ஆடுவார்.

எல்லாச் சதுப்பும் ஒன்றில்லை. மழைத்தண்ணீரை மட்டும் குடிப்பது புளித்துப்போயிருக்கும். ஸ்பாக்னம் என்று ஒரு பாசி. மெத்தை மாதிரி, பார்க்க சாது. தான் இருக்கும் தண்ணீரைத் தானே புளிப்பாக்கி, புளிப்புத் தாங்காத செடிகளையெல்லாம் கிளப்பிவிட்டு, இடத்தை வளைத்துப் போட்டுவிடும். இந்தக் காரியத்துக்கு அதற்குப் பட்டா தேவையில்லை. மலையடியில் சுண்ணாம்புச் சத்துள்ள ஊற்றுத் தண்ணீர் வந்து பாயும் சதுப்பு வேறு ரகம். அதில் புளிப்பு குறைவு. ஒரு சதுர மீட்டரில் முப்பது நாற்பது வகை செடி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஐந்து இதழ் வெள்ளைப் பூ, பூச்சியைப் பிடித்துத் தின்னும் எண்ணெய்ப்பசை இலை, சுண்டுவிரல் உயர ஆர்க்கிட்.

எங்கள் சதுப்பு இரண்டாவது ரகம். அதில் இருபது சதுரம் குறித்து, மூலைக்கு ஒரு குச்சி நட்டு, எந்தச் செடி எவ்வளவு, தண்ணீரின் புளிப்பு எவ்வளவு என்று எழுதினோம். நான் வந்த இரண்டாவது கோடை அது. இடையிடையே மேலோட்டமாகப் பார்த்ததோடு சரி. இந்தக் கோடையில் இருபதையும் முழுசாக மறுபடி எண்ண வேண்டும் என்று உத்தரவு.

உத்தரவுக்குக் காரணம் பிர்யெர். சதுப்புக்கு மேல்பக்கத்துக் காடு அவருடையது. எழுபது வயது, ஆறடி மூன்றங்குலம், வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசுவார். மரம் நன்றாக வளர வேண்டும் என்று அவர் அப்பா காலத்தில் காட்டோரமாக ஒரு வடிகால் வெட்டினார்கள். ஊற்றுத் தண்ணீர் சதுப்புக்கு வராமல் அந்த வடிகாலில் இறங்கி ஆற்றுக்குப் போய்விடுகிறது. இப்போது அதைத் தூர்வாரி இன்னும் ஆழமாக்க பிர்யெர் அனுமதி கேட்டிருக்கிறார். வடிகாலால் சதுப்புக்குக் கெடுதலா இல்லையா என்று மாவட்ட அலுவலகம் இங்கெகெர்ட்டைக் கேட்டிருக்கிறது. பதில் இருபது சதுரத்தில் இருந்தது.

3

முழங்கால் போட்டு எண்ணினோம். முதல் சதுரத்தில் முன்பு முப்பத்தைந்து வகை இருந்தது; இப்போது பதினொன்று. மிச்சமெல்லாம் ஸ்பாக்னம். இரண்டாவதும் அப்படி. மூன்றாவதில் ஆர்க்கிட் நின்ற இடத்தில் பச்சை மெத்தை. புளிப்பு காட்டும் மீட்டரைத் தண்ணீரில் முக்கினால் முள் புளிப்புப் பக்கம் சாய்ந்தது. ஏழாவது வரை இதே கதை. சாவு வீட்டில் பேர் கூப்பிட்டு வருகைப் பதிவு எடுப்பது போல இருந்தது.

எட்டாவதில் எல்லோரும் உயிரோடு இருந்தார்கள்.

வெள்ளைப் பூ, பூச்சி தின்னி, பழுப்புப் பாசி, ஆர்க்கிட் நான்கு. தண்ணீரில் புளிப்பு அந்தக் காலத்தில் இருந்த அளவேதான். இங்கெகெர்ட் மூன்று தடவை மீட்டரைக் கழுவி முக்கினார். பிறகு ஈரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"கல்லே, வடிகாலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற சதுரம் இது. இதுதான் முதலில் கெட்டிருக்க வேண்டும்."

"ஆமாம்."

"தானாகவே தாங்கி நிற்கிறது. அப்படியானால் மற்றவை கெட்டதற்கு வடிகால்தான் காரணம் என்று நான் எழுத முடியாது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சதுரம் சொல்வதை நான் மாற்ற முடியாதே."

அவர் சந்தோஷப்படவும் இல்லை, வருத்தப்படவும் இல்லை, குழம்பியிருந்தார். அந்த அறிக்கை போனால் பிர்யெருக்கு அனுமதி கிடைக்கும். வடிகால் இன்னும் இரண்டு முழம் இறங்கும். எட்டாவது உட்பட எல்லாம் முடிந்தது.

மூத்திரம் போய்வருவதாகச் சொல்லிவிட்டு வடிகாலோரம் மேலே நடந்தேன். நாற்பது அடி இருக்கும். அங்கே வடிகாலின் குறுக்கே பாசி மூடிய ஒரு திட்டு. அதில் முட்டி நின்ற தண்ணீர், கீழ்க்கரையில் ஒரு விரல் அகலத்துக்கு வழிந்து, புல்லுக்குள் மறைந்து, நேராக எட்டாவது சதுரத்தைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது.

அந்தத் திட்டை எனக்குத் தெரியும். மூத்திரம் நின்றுபோனது.

4

அந்த இரண்டாவது கோடையில் ஒரு நாள், சட்டைப்பையில் அப்பாவின் ஏரோகிராம். குடவாசலிலிருந்து மூன்று மைல் உள்ளே எங்கள் ஊர், கடைமடைக்குச் சமீபம். "நாற்றங்கால் காய்கிறது. மேலே முறை வைத்து விடுகிறார்கள் என்கிறார்கள், இங்கே முறையும் வரவில்லை தண்ணீரும் வரவில்லை. நீ உடம்பைப் பார்த்துக்கொள்" என்று எழுதியிருந்தார். அதைச் சுமந்துகொண்டு, இங்கெகெர்ட் வேறு பக்கம் குச்சி நட்டுக்கொண்டிருக்க, நான் வடிகாலோரம் நின்றேன். பளிங்குத் தண்ணீர் சலசலவென்று யாருக்கும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிலம். நிலத்துக்குப் போகாமல் தண்ணீர் ஓடுகிறது.

இந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீர் என்றால் வெளியேற்ற வேண்டிய சமாசாரம். பள்ளம் தோண்டுவார்கள், குழாய் பதிப்பார்கள், போய்த்தொலை என்று அனுப்பிவிட்டுக் கையைக் கழுவுவார்கள். நமக்கு அப்படி இல்லை. சும்மா போகிற தண்ணீரைப் பார்த்தால் நம் காலுக்கு ஒரு அரிப்பு வரும். நான் யோசிக்கவில்லை என்று சத்தியம் செய்வேன். கரையிலிருந்து ஒரு பெரிய கட்டியை இடது குதிகாலால் பெயர்த்துத் தள்ளி, அதன்மேல் இன்னும் இரண்டு வைத்து, நாலு மிதி மிதித்தேன். தண்ணீர் தயங்கியது, ஏறியது, இந்தப் பக்கம் திரும்பியது. மடை திருப்பிய திருப்தியில் நெஞ்சு நிறைந்தது. பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அன்று மாலைக்குள் மறந்தும்போனேன்.

கவனியுங்கள்: படித்தது தாவரவியல். பார்த்துக்கொண்டிருந்தது இயற்கையைத் தொந்தரவு செய்யாமல் கவனிக்கும் உத்தியோகம்.

5

சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். இருபது சதுரத்தின் நோட்டுகளும் என் கையெழுத்து. ஒன்றில் கால் வைத்தவன் மற்ற பத்தொன்பதில் கை வைக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி? இருபது வருஷ வேலையும் குப்பைக்குப் போகும். என்னோடு இங்கெகெர்ட்டின் பேரும் போகும். ஐம்பத்திரண்டு வயதில், இவர்கள் சொல்லும் 'கறுப்புத் தலை' ஒன்று வேலை தேடி இந்த ஊரில் எந்தக் கதவைத் தட்டும்? பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொள்வார்களோ என்றுகூடப் பயந்து, குடியுரிமைக் காகிதத்தை எடுத்து இரண்டு தடவை படித்தேன். சதுப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அதுவும் கவலையாக இருந்தது.

வசந்தாவிடம், அதாவது என் மனைவியிடம், சாப்பாட்டு மேஜையில் சொன்னேன்.

"கால்ல ஒரு மண்ணாங்கட்டியத் தள்ளினதுக்கா நாலு நாளா முள்ளுல உக்காந்தாப்ல இருந்தீங்க?" என்றாள். "நம்ம ஊர்ல வாய்க்கால்ல கால வச்சவன்லாம் தாசில்தார்கிட்ட போயி எழுதிக் கொடுக்கிறானா? பேசாம இருங்க. வீட்டுக் கடன் இன்னும் இருக்கு."

எங்கள் பெண் தேன்மொழிக்குப் பத்தொன்பது வயது. கழக ஆட்சிக் காலத்து ஆர்வத்தில் வைத்த பேர். பள்ளிக்கூடத்தில் அது தென்னி ஆயிற்று. அவள் தமிழ் பேசுவது, வழுக்கும் பாறையில் நடப்பது மாதிரி, ஒவ்வொரு சொல்லாகக் கால் ஊன்றி.

"அப்பா, நீ தெரிஞ்சு செஞ்சியா?"

"தெரியாமத்தான்."

"இப்ப தெரியும்."

"தெரியும்."

"அப்ப இன்னிக்கு சொல்லாதது தெரிஞ்சு செய்யறது." உருளைக்கிழங்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இது கஷ்டமான கணக்கு இல்ல."

"அவளுக்கென்ன, இந்த ஊர்ப் புள்ள. ரூல்ஸ் பேசுவா," என்றாள் வசந்தா.

"நீங்க ரெண்டு பேரும் எந்த ஊரு?" என்று கேட்டாள் பெண். கேலியாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். வசந்தா தட்டுகளை எடுக்க ஆரம்பித்தாள்.

6

அவளிடம் சொல்லாத ஒன்று இருந்தது. அது வசந்தாவுக்கும் தெரியாது.

நான் விமானம் ஏறுவதற்கு முந்தைய வருஷம். நில உச்சவரம்பு, குத்தகைதாரர் பதிவு என்று கழக ஆட்சியில் சட்டங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த சமயம். ஊரில் ஒரு தெருவில் சிவப்புக் கொடி, ஒரு தெருவில் கறுப்பு சிவப்பு, நடுவில் கதவைச் சாத்திக்கொண்டு மிராசுதார்கள். எங்களுக்கு இருந்தது மொத்தமே ஒரு வேலிக்குக் கொஞ்சம் கூட, ஏழு ஏக்கர் இருக்கும். அதைக் குத்தகைக்கு உழுதவர் பக்கிரிசாமி, பதினாலு வருஷமாக. பதிவேட்டில் அவர் பேர் ஏறினால் நிலம் கையைவிட்டுப் போய்விடும் என்று அப்பாவுக்குக் கிலி. அடங்கலில் 'சொந்தச் சாகுபடி' என்று எழுதச் செய்திருந்தார். யார் நிலத்தில் என்ன பயிர் என்று வருஷாவருஷம் எழுதும் புத்தகம் அது. யோசித்துப் பார்த்தால், எங்கள் சதுர நோட்டுக்கு உறவுக்காரப் புத்தகம்.

விசாரணைக்கு அதிகாரி வந்தார். சாவடியில் நாற்காலி. "யாருய்யா சாகுபடி?" என்று கேட்டார். அப்பாவுக்கு இருமல் வந்தது. படித்த பிள்ளை, பேண்ட் போட்டவன், நான் பதில் சொன்னேன்: "நாங்கதான் சார்."

பக்கிரிசாமி கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். கலைந்து திரும்பும்போது வரப்பில் எனக்கு முன்னால் போனவர், நின்று கேட்டார்:

"தம்பி, இப்ப நம்ம வயல்ல நிக்கிறது என்ன நெல்லுங்க?"

"சம்பா," என்றேன்.

"அது பருவம் தம்பி. நெல்லு பேரக் கேட்டேன்."

எனக்குத் தெரியவில்லை. பி.எஸ்ஸி. தாவரவியல், முதல் வகுப்பு. அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்தார். பிறகு அப்பா அந்த நிலத்தை விற்றார். எந்தக் காகிதத்திலும் பக்கிரிசாமியின் பேர் இல்லாததால், அவரைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் ஏற்படவில்லை. அவர் திருத்துறைப்பூண்டிப் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டதாக அப்பா எழுதினார். அதற்குப் பிறகு எழுதவில்லை; நானும் கேட்கவில்லை.

நோட்டில் பொய்யை எழுதினால் நிலத்தில் யாருக்காவது இடம் இல்லாமல் போகும். இதைக் கற்க எனக்கு வடதுருவத்துக்குப் பக்கத்தில் வர வேண்டியிருக்கவில்லை. வந்த பிறகும் கற்றேனா என்பதுதான் அந்தப் பதினோரு நாளும் கேள்வி.

7

பன்னிரண்டாம் நாள் பத்து மணிக் காப்பியின்போது சொன்னேன். இங்கே பத்து மணிக் காப்பி புனிதமானது. அதில் வேலைப் பேச்சு கூடாது. வானிலை, நாய், கோடை வீட்டுக்கு வர்ணம் அடிப்பது, இவ்வளவுதான் அனுமதி. மற்ற நேரத்துக்குத் தைரியம் போதவில்லை.

"இங்கெகெர்ட், எட்டாவது சதுரத்துக்குத் தண்ணீர் விட்டது நான்."

ஏலக்காய் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே வைத்தார். முழுக்கச் சொன்னேன். குதிகால், ஏரோகிராம், நாற்பது அடி, பதினோரு நாள். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். ஊரில் என்றால் கத்திவிட்டு, பிறகு மோர் கொடுப்பார்கள். இவர் பென்சிலை எடுத்தார்.

"எந்த மாதம்?"

"ஜூன். கடைசி வாரம்."

"மற்ற சதுரங்கள்?"

"தொடவில்லை."

"நான் எப்படி அதை நம்புவது?"

கோபமே இல்லாமல் கேட்டார். மழை எத்தனை மணிக்கு நின்றது என்று கேட்பது போல. "தெரியவில்லை," என்றேன். "நானாக இருந்தால் நம்ப மாட்டேன்."

நோட்டுகள் முழுவதையும் கேட்டார். அன்று மதியம் இருபத்துச் சொச்சம் வருஷத்தை இரண்டு அட்டைப்பெட்டியில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வேறு ஊரிலிருந்து ஒரு தாவரவியலாளரை வரவழைத்தார். அந்த மனிதர் ஒவ்வொரு சதுரமாக உட்கார்ந்து, மேலும் கீழும் வடிகாலை நடந்து, பழைய தண்ணீர்ச் சீசாக்களைத் திறந்து சரிபார்த்தார். மூன்று வாரம். அதுவரை என்னைச் சதுப்புப் பக்கம் விடவில்லை. கீழ்த்தளத்தில் கண்ணாடிச் சீசா கழுவினேன். தினமும் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்ததும் வசந்தா முகத்தைப் பார்ப்பாள்; நான் தலையை ஆட்டுவேன்; அவள் குழம்பைச் சூடு பண்ணப் போவாள். சொல்லிக் காட்டவே இல்லை. அவ்வளவு பயந்திருந்தாள். தேன்மொழி ஒரு சாயங்காலம் கீழ்த்தளத்துக்கே வந்து, கையுறை மாட்டிக்கொண்டு, என் பக்கத்தில் நின்று முப்பது சீசா கழுவினாள். அப்போதும் எங்களுக்குள் பேச்சு இல்லை. ஒருவேளை இந்த ஊர்த் தமிழ் அப்படித்தானோ என்னவோ.

பத்தொன்பது சதுரமும் சரியாக இருந்தன. நோட்டுகள் திரும்பி வந்தன. கூடவே இங்கெகெர்ட்டின் அறிக்கையும்: பத்தொன்பது சதுரமும் புளித்துவிட்டன, செடி வகைகள் அழிந்துவருகின்றன, வடிகாலை ஆழமாக்கக் கூடாது. எட்டாவது சதுரம் கணக்கில் இல்லை. அடிக்குறிப்பில் ஒரே வரி: 'மனிதக் குறுக்கீடு காரணமாக நீக்கப்பட்டது.' நான் இந்த நாட்டு ஆவணத்தில் மனிதன் என்று குறிப்பிடப்பட்டது அதுவே முதல் தடவை.

"இனி நீ எழுதுவதில் நானும் ஒரு கையெழுத்துப் போடுவேன்," என்றார் இங்கெகெர்ட். "ஒரு வருஷத்துக்கு. பிறகு பார்க்கலாம்."

8

அதோடு முடியவில்லை. மாவட்ட அலுவலகத்திலிருந்து ஐந்து பக்கப் படிவம் வந்தது: அனுமதியின்றி நீர்வழியில் கட்டப்பட்ட அமைப்பு பற்றி. கட்டுமானப் பொருள் என்ன? மண். பயன்படுத்திய கருவி? இடது குதிகால் என்று எழுதினேன். தேன்மொழி அதை அடித்துவிட்டு 'கைமுறை' என்று போட்டாள். நோக்கம்? அந்தக் கட்டத்தை இரண்டு நாள் காலியாக வைத்திருந்தேன். கடைசியில், 'பழக்கம்' என்று எழுதினேன்.

அடைப்பை நீக்குவதா விடுவதா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வேண்டுமாம். நிலத்துக்காரர் என்ற முறையில் பிர்யெரும் வர வேண்டும். அந்த நாளை நினைத்துத்தான் நான் அதிகம் நடுங்கினேன். அவருடைய விண்ணப்பம் அதற்கு முந்தின வாரம்தான் தள்ளுபடியாகியிருந்தது. அதற்குக் காரணம் என் வாய். போதாக்குறைக்கு இருபது வருஷமாக அவர் வடிகாலை மறித்து, அவர் காட்டுக்குள் தண்ணீரை ஏற்றியவனும் நான். எங்கள் பக்கம் அடுத்தவன் வாய்க்காலை ஒரு ராத்திரி அடைத்தவன் மண்டையில் மண்வெட்டி இறங்கியதைப் பார்த்தே வளர்ந்தவன். பிர்யெர் வண்டியிலிருந்து இறங்கும்போது நான் முதலில் பார்த்தது அவர் கையை. வெறுங்கை.

நாலு பேரும் வடிகாலோரம் நின்றோம். மாவட்ட அலுவலகத்து அதிகாரி அளந்தார், படம் எடுத்தார், இங்கெகெர்ட்டிடம் ஏதோ கேட்டார். ஊற்றுத் தண்ணீர் இங்கேயாவது சதுப்புக்குப் போகிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று முடிவாயிற்று. பிர்யெர் குனிந்து, என் திட்டை விரலால் அழுத்திப் பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி திட்டைப் பார்த்தார்.

வண்டிகளிடம் திரும்பி வந்த பிறகு, பொறுக்க முடியாமல் நானே போய் நின்றேன். "மன்னிக்க வேண்டும். இத்தனை வருஷமாக உங்கள் வடிகாலை அடைத்தது நான்தான்."

அவர் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, திரும்ப மாட்டிக்கொண்டார். இங்கே ஓடைகளில் பீவர் என்றொரு பிராணி உண்டு. மரத்தைக் கடித்து வீழ்த்தி, குச்சியும் மண்ணும் வைத்துத் தண்ணீர் ஒழுகாமல் அணை கட்டும்.

"நான் பீவர் என்று நினைத்திருந்தேன்," என்றார் பிர்யெர். "வேலை தெரியாத பீவர்."